கழியால் கழியை அளந்த நான்கு நாட்கள்

முதல் நாள்: பூண்டி

கும்மிடிப்பூண்டி மின்ரயிலில் போய் வருகிறவர்களுக்குத் தெரியும். எண்ணூர் நிலையத்தை விட்டுச் சற்று தூரம் போனதும் சக்கரத்தின் சத்தம் மாறும். பாலம் வந்துவிட்டது என்று அர்த்தம். கீழே சாம்பலும் பச்சையும் கலந்த நிறத்தில் அகன்று கிடக்கும் ஒரு நீர்ப்பரப்பு. வேலை நிமித்தம் ஒன்பது ஆண்டுகளாக அந்தப் பாலத்தைக் கடக்கிறேன். ஒருநாளும் இறங்கிப் பார்த்ததில்லை. சென்ற மாதம் எதிர் இருக்கையில் இருந்த சிறுவன் தன் பாட்டியிடம், "இது ஆறா, கடலா?" என்று கேட்டான். பாட்டி கொஞ்சம் யோசித்துவிட்டு, "இரண்டும்தான்" என்றார். அன்று மாலையே நான்கு நாள் விடுப்புக்கு எழுதிக் கொடுத்தேன்.

எண்ணூர்க் கழிமுகத்தைப் பார்க்கக் கிளம்பியவன் கடலிலிருந்து ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர் உள்ளே வந்து ஏன் பூண்டியில் உட்கார்ந்திருக்கிறான் என்று வீட்டிலும் கேட்டார்கள். வாசலைப் பார்க்குமுன் வீட்டின் கொல்லைப்புறத்தைப் பார்த்துவிடலாம் என்றுதான். கொசஸ்தலை, குசஸ்தலை, கொற்றலை என்று, எண்ணூரில் கடலில் சேரும் இந்த ஆற்றுக்குப் பெயர்ப் பஞ்சம் இல்லை. நீளம் ஏறக்குறைய 136 கிலோமீட்டர். கூவத்துக்கு நீர் பிரிந்து போவதும் இதிலிருந்துதான், கேசவரம் அணைக்கட்டில். சென்னையின் மூன்று ஆறுகளில் வெள்ளத்தை அதிகம் சுமக்கக்கூடியது இது. ஆனால் நகரத்தில் பத்துப் பேரைக் கேட்டால் கூவம், அடையாறு என்று இரண்டோடு நிறுத்திக்கொள்வார்கள்.

பூண்டி நீர்த்தேக்கத்துக்குச் சத்தியமூர்த்தி சாகர் என்று பெயர். சென்னை மேயராக இருந்து இதற்காக முயன்றவர் சத்தியமூர்த்தி. 1944இல் வேலை முடிந்தபோது பார்க்க அவர் இல்லை. அதற்கு முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார். கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. 1996 முதல் கிருஷ்ணா நீரும் இங்கே வந்து சேருகிறது. இங்கிருந்து கால்வாய் வழியாகப் புழலுக்கும் செம்பரம்பாக்கத்துக்கும் போய்விடுகிறது. நான் குடித்து வளர்ந்த தண்ணீர் இது. ஆகவே குறை சொல்லும் உரிமை எனக்குக் குறைவு.

மதகுக்குக் கீழே இறங்கிப் பார்த்தேன். மணல், சீமைக் கருவேலம், நாலைந்து ஆடுகள். ஆறு இவ்வளவுதான். பெருமழையில் மிஞ்சுவதைத் திறந்துவிட்டால்தான் இதில் தண்ணீர் ஓடும். மற்ற நாட்களில் எண்ணூர் முகத்துவாரத்துக்கு மேலிருந்து நன்னீர் என்று சொல்லும்படி எதுவும் போவதில்லை.

பக்கத்தில் அதிரம்பாக்கம். 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கருவிகளைக் கண்டெடுத்த இடம். பிற்காலத்தில் சாந்தி பப்பு குழுவினர் அகழ்ந்து, அடியில் கிடந்த கோடரிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்று 2011இல் அறிவித்தார்கள். போய்ப் பார்த்தால் வெயிலில் அரித்துக் கிடக்கும் செம்மண் ஓடைகள்தான். பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. காலடியில் கூழாங்கல் ஒன்று கையில் பொருந்துகிற மாதிரி கிடந்தது. எடுக்கவில்லை. எடுக்கக் கூடாது என்பதோடு, அது வெறும் கூழாங்கல்லாகவும் இருக்கலாம்.

இரண்டாம் நாள்: மீஞ்சூர், செப்பாக்கம்

காலை மீஞ்சூரில் டீ குடித்தேன். கடைக்காரர் கேனில் வாங்கிய தண்ணீரில்தான் டீ போடுகிறார். குழாயைத் திருப்பி உள்ளங்கையில் ஏந்தி நாக்கில் வைத்தேன். உப்பு.

இந்த ஊரின் நிலத்தடி நீர் ஒரு காலத்தில் சென்னைக்கும் மணலித் தொழிற்சாலைகளுக்கும் போனது. 1960களின் இறுதியிலிருந்து ஆழ்துளைக் கிணறுகள் போட்டு இறைத்தார்கள். நன்னீரை இறைக்க இறைக்க, காலியான இடத்துக்குப் பூமிக்கடியில் கடல் வந்தது. மேலே ஆற்றில் உப்பு ஏறாமல் தடுக்க வல்லூரில் அணைக்கட்டு இருக்கிறது. பூமிக்கடியில் அணை கட்ட யாரால் முடியும்? இன்று இதே கரையில், காட்டுப்பள்ளியில், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை இருக்கிறது. 2010இல் தொடங்கியது, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். இனித்த தண்ணீரை உப்பாக்கிவிட்டு, உப்புத் தண்ணீரைச் செலவு செய்து இனிப்பாக்குகிறோம்.

பிறகு பக்கிங்காம் கால்வாய்க் கரையில் ஒரு மணி நேரம் நடந்தேன். 1806இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை 11 மைலுக்கு வெட்டப்பட்டதுதான் இந்தக் கால்வாயின் தொடக்கம். பேசில் கொக்ரேன் என்ற வெள்ளைக்காரர் முதல் போட்டதால் கொக்ரேன் கால்வாய் என்றே பெயர். பிறகு வடக்கே பழவேற்காட்டுக்கும் அப்பாலும் நீண்டது. 1870களின் கடைசியில், தாது வருஷப் பஞ்சத்தில் கூலி வேலையாக நகரத்துக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டை வெட்டினார்கள். அப்போது ஆளுநராக இருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயர் ஒட்டிக்கொண்டது. மண் சுமந்தவர்கள் பெயர் எதற்கும் வைக்கப்படவில்லை.

இந்தக் கால்வாயில் விறகும் உப்பும் படகில் போயின. அத்திப்பட்டு, வல்லூர்ப் பக்கமெல்லாம் உப்பளங்கள். சென்ட்ரல் நிலையத்துக்கு அருகில் ரயில்வேக்காரர்கள் 'சால்ட் கோட்டார்ஸ்' என்று சொல்லும் இடம் இருக்கிறதே, அது உப்புக் கொட்டாரம். படகில் வந்த உப்பைக் கொட்டி வைத்த கிடங்கு. நம் சொல் வெள்ளைக்காரன் வாயில் புகுந்து திரும்பி வந்ததில் அடையாளம் தெரியாமல் போய்விட்டது. உமணர்கள் வண்டி கட்டி உப்பு விற்ற நெய்தல் நிலத்தில் படகு வந்ததும், பிறகு படகும் போனதும் பெரிய விஷயமில்லை. உப்பளப் பாத்திகளே இப்போது மண் நிரவி மேடாகிக்கொண்டிருக்கின்றன. அதுதான் வேறு மாதிரி. பாத்தியில் உப்பு எடுக்காத மாதங்களிலும் வெள்ளம் வந்து நிற்க இடம் இருந்தது. மேட்டில் நிற்காது.

பிற்பகல் செப்பாக்கம். வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல் குளத்தை ஒட்டிய சிறிய ஊர். கரையேறினால் குளம் என்ற சொல்லுக்கே சங்கடம் வரும். கண்ணுக்கெட்டிய மட்டும் வெளிர் சாம்பல், நடுவில் கொஞ்சம் தண்ணீர். ஒரு வீட்டுத் திண்ணையில் சோற்றுப் பானை முதல் டம்ளர் வரை எல்லாப் பாத்திரமும் கவிழ்த்து வைத்திருந்தது. கழுவி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். "காற்று இந்தப் பக்கம் திரும்பினால் நிமிர்த்தி வைக்க முடியாது தம்பி" என்றார் அந்த வீட்டு அம்மா. திண்ணையில் உட்கார்ந்து எழுந்தபோது கால்சட்டையில் திருநீறு பூசியது போல ஒரு தடம்.

மூன்றாம் நாள்: படகில்

இன்றைக்கு எழுத நிறைய இருக்கிறது. கை வலிக்கிறது, காலும்தான், காரணம் பின்னால்.

விடியற்காலை ஐந்தரைக்குக் காட்டுக்குப்பத்தில் படகேறினேன். சிறிய ஃபைபர் படகு. ஓட்டுகிறவருக்கு அறுபது வயதிருக்கும். நான் "அண்ணன்" என்றேன், அவர் "தம்பி" என்றார், உறவு முடிந்தது. எஞ்சின் இருந்தும் அவர் அதை அதிகம் போடவில்லை. பன்னிரண்டு அடி மூங்கில் கழி ஒன்றை ஊன்றி ஊன்றியே தள்ளினார். கழியை ஊன்றிக் கழிக்குள் போகிறோம் என்று எனக்கு நானே சிரித்துக்கொண்டேன். நெய்தல் பாட்டுகளில் இந்த உப்பங்கழி வந்துகொண்டே இருக்கும்: இருண்ட நீர், கழிமுள்ளி, தாழை, தலைவிக்குத் தூக்கம் வராத இரவு. அதே இரண்டெழுத்துப் பகுதியிலிருந்துதான் 'கழிவு' என்பதும் வந்து நிற்கிறது. இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

அவர் அந்தக் கழியால் வழி மட்டும் பார்க்கவில்லை. ஊன்றி எடுக்கும் ஒவ்வொரு முறையும் ஈரம் எதுவரை என்று பார்க்கிறார். அடி, மீட்டர் கணக்கெல்லாம் அவரிடம் இல்லை. கணுக்கால், முழங்கால், இடுப்பு, மார்பு, கழுத்து, ஒரு ஆள், இரண்டு ஆள். உடம்புதான் அளவுகோல். ரயில் பாலத்துக்குச் சற்று முன்னால் நிறுத்தி, "இங்கே என் அப்பா காலத்தில் இரண்டு ஆள்" என்றார். கழியை விட்டார். ஈரம் அவர் இடுப்புக்கு வந்தது.

"தண்ணீர் இடுப்பு. ஆனால் இன்னும் இறங்கும், பாருங்கள்" என்று கழியின் தலையில் மார்பைக் கொடுத்து அழுத்தினார். கழி வெண்ணெயில் இறங்குவது போல வழுக்கிக்கொண்டு இறங்கியது. ஒரு முழம் போயிருக்கும். பிறகு சட்டென்று நின்றது. மேலே எடுத்து என் பக்கம் நீட்டினார். நுனியில் கறுப்புச் சேறு, பழைய ஆற்றுச் சேறு, மூக்கருகில் கொண்டுபோனால் நண்டு வாடை. அதற்கு மேல் ஒரு முழத்துக்குச் சாம்பல் நிறம். அதற்கு மேல் வெறும் ஈரம். விரலால் சாம்பலைத் தொட்டேன். அரிசி மாவைவிட நயம். விரலிடுக்கில் புகுந்துகொண்டு கழுவினாலும் போகவில்லை. நுகர்ந்தேன். எந்த வாசனையும் இல்லை. சேற்றுக்கு வாசனை இல்லாமல் இருப்பது எனக்குப் புதிது.

நிலக்கரியை எரித்தபின் மிஞ்சும் சாம்பலைக் கடல்நீரில் கரைத்துக் குழாயில் சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். குழாய் கழியின் குறுக்கே வருகிறது. பல ஆண்டுகளாக அந்தக் குழாய்கள் உடைந்தும் கசிந்தும் சாம்பல் இங்கே இறங்கியிருக்கிறது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்கு போனது. கழியைச் சுற்றி நின்று பார்த்தால் புகைபோக்கிகளை எண்ணலாம். 1970இல் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 450 மெகாவாட், 2017இல் மூடிவிட்டார்கள். வடசென்னை நிலையம் முதல் நிலை 630, இரண்டாம் நிலை 1,200, 2024இல் மூன்றாம் நிலை 800. வல்லூரில் 1,500. வீட்டில் மின்விசிறி சுற்றும் போதெல்லாம் இங்கே ஒரு பிடி மிஞ்சுகிறது.

பாலம் தாண்டியதும் நீருக்குள்ளேயே மின்கோபுரங்கள் கால் ஊன்றி நிற்கின்றன. ஒரு திருப்பத்தில் கையைத் தண்ணீரில் விடச் சொன்னார். வெதுவெதுவென்று, குழந்தையைக் குளிப்பாட்டப் பதம் பார்த்த வெந்நீர் மாதிரி இருந்தது. மின் நிலையத்தைக் குளிர்வித்து வெளியே வரும் நீர். பனிக்காலத்தில் இதமாக இருக்குமே என்று விளையாட்டாகச் சொன்னேன். "மீனுக்குப் போர்வை தேவையில்லை தம்பி" என்றார்.

எட்டு மணிக்கு நீர் வற்றத்தில் இருந்தது. அலையாத்திக் காடு என்று சொல்ல முடியாது. வெண்கண்டல் மரங்கள் தோப்புத் தோப்பாக நிற்கின்றன, சேற்றிலிருந்து ஆணி அடித்தது போல மூச்சுவேர்கள். மேட்டில் உமரி சிவந்து கிடக்கிறது. நெடுங்கால் உள்ளான்கள் சிவப்புக் குச்சிக் கால்களோடு கூச்சல் போட்டன. இரண்டு கூழைக்கடாக்கள் மின்கோபுரத்தின் நிழலில் வரிசையில் நிற்பவை போல நின்றன. மரங்களின் அடியில் ஒரே மட்டத்தில் கறுப்பாக ஒரு கோடு ஓடுகிறது. பெயின்ட் அடித்தது போல. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணெய் வந்து இந்தக் கழி முழுக்கப் படர்ந்தது. அவர் அந்தக் கோட்டைக் கழியின் நுனியால் தொட்டுக் காட்டினார். இப்போதைய தண்ணீருக்கு மேலே அவர் இடுப்பளவு உயரத்தில் இருந்தது. "அந்த வாரம் வலையை எரித்தோம். கழுவிப் பார்த்தோம், போகவில்லை." அதற்குக் கிட்டத்தட்ட ஏழு ஆண்டுகளுக்கு முன்னால், 2017 ஜனவரி 28இல், வெளியே கடலில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையெல்லாம் ஒதுங்கியது. அப்போது நாடே வாளியில் அள்ளியவர்களைப் படம் பிடித்தது. இந்த முறை படகில் நின்று அள்ளியவர்களில் பலர் இந்தக் குப்பத்துக்காரர்கள்.

சேற்றுத் திட்டு ஒன்றின் அருகே நான்கு பெண்கள் கழுத்தளவு நீரில் உட்கார்ந்தபடி நகர்ந்துகொண்டிருந்தார்கள். கையால் இறால் தடவுகிற இருளர்கள். ஓலையில் முடைந்த பறியை வாயில் கவ்வியிருக்கிறார்கள். இரண்டு கையும் அடியில் சேற்றைத் தடவுகின்றன. விரலில் இறால் பட்டதும் அமுக்கி எடுத்துப் பறிக்குள் போடுகிறார்கள். பறி வாயில் இருப்பதால் பேச முடியாது. கழுத்தளவு என்று நான் நினைத்தது தவறு; ஒருவர் எழுந்து நின்றபோது தண்ணீர் முழங்காலுக்குச் சற்று மேலேதான். எழுந்தவர் பறியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு உள்ளே காட்டினார். வெள்ளை இறால் பத்துப் பதினைந்து, நடுவில் விரல்கடை அளவு நண்டு ஒன்று. "விடிவதற்கு முன்னால் இறங்கினேன்" என்றார். அப்போது மணி ஒன்பதாகியிருந்தது.

நானும் இறங்கிப் பார்க்கிறேன் என்றேன். செருப்போடு இறங்கச் சொன்னார் அண்ணன். கேட்கவில்லை. இரண்டாவது எட்டில் சாம்பலில் முழங்கால் வரை போயிற்று. மூன்றாவதில் பாதத்தில் பிளேடு போட்டது போல ஒரு கீறல். காக்கா ஆழி. கறுப்பாக, விரல் நகம் அளவுச் சிப்பி, ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று நூலால் பின்னிக்கொண்டு தரையெங்கும் பாய் விரித்தது போல் கிடக்கிறது. தென் அமெரிக்கக் கரையைச் சேர்ந்தது. கப்பலோடு வந்ததாகத்தான் சொல்கிறார்கள். அது விரிந்த இடத்தில் இறால் சேற்றுக்குள் புதைய முடியாது, மஞ்சள் மட்டி மூச்சுவிட முடியாது, வலை கிழியும், தடவுகிற கை கிழியும். இப்போது கால்வாய் வழியே பழவேற்காட்டுப் பக்கமும் பரவிவிட்டது. அந்தப் பெண் தன் உள்ளங்கைகளைத் திருப்பிக் காட்டினார். நான் என் காலைப் பற்றிப் புலம்புவதை நிறுத்திக்கொண்டேன்.

படகில் ஏறியதும் அண்ணன் என் காலில் கடல்நீரை ஊற்றினார். எரிந்தது. "அதுதான் மருந்து" என்றார். கரைக்கு வந்ததும் மருந்துக் கடையில் இன்னொரு மருந்தும் வாங்கினேன், அவருக்குத் தெரியாமல்.

நான்காம் நாள்: முகத்துவாரம்

காலில் கட்டு. இருந்தாலும் போகாமல் இருக்க முடியவில்லை.

தாழங்குப்பம் வழியாக நடந்தேன். பெயரில் தாழை இருக்கிறது. நான் நடந்த வழியில் ஒரு புதரும் இல்லை. கம்பெனிக் காலத்தில் சென்னை வெள்ளைக்காரர்கள் காற்று வாங்க எண்ணூருக்கு வருவார்கள். தங்கும் பங்களாக்கள் இருந்தன. இன்று காற்று வாங்க வருகிறவர் கைக்குட்டையோடு வர வேண்டும்.

அண்ணன் படகைத் தயாராக வைத்திருந்தார். இன்று அவருடைய வலை முறை இல்லையாம். இந்தப் பக்கத்தில் 'பாடு' என்று ஒரு ஏற்பாடு உண்டு: எந்த ஊர், எந்தக் குடும்பம், எந்த நாளில், எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பதை ஊரே முறை வைத்துத் தீர்மானிக்கும். நல்ல இடம் ஒருவருக்கே போகாது. தண்ணீரில் வேலி போட முடியாது என்று தெரிந்தவர்கள் கண்டுபிடித்த ஏற்பாடு. இடம் குறையக் குறைய முறை வரும் நாள் தள்ளிப்போகிறது. இப்போது அவருக்கு வாரத்தில் எத்தனை நாள் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் கழியை ஊன்றினார்.

முகத்துவாரத்தில் கடல் முகம் காட்டுகிறது. வடக்கே காமராஜர் துறைமுகத்தின் கிரேன்கள். எண்ணூர் துறைமுகம் என்று 2001இல் தொடங்கி, 2014இல் பெயர் மாறியது. அதையும் தாண்டிக் காட்டுப்பள்ளித் துறைமுகம். தெற்கே கரை நெடுக அடுக்கிய பாறைகள். இந்தக் கரையில் ஆண்டில் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நடந்துகொண்டே இருக்கும். சென்னைத் துறைமுகச் சுவர் எழுந்ததும் அதன் தெற்கே தேங்கிய மணல்தான் மெரினாவின் அகலம். வடக்கே வந்திருக்க வேண்டிய அந்த மணல் வரவில்லை. ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை கடல் வீடுகளைக் கேட்டது. மெரினாவில் சுண்டல் தின்றபடி இதை ஒருவரும் நினைத்ததில்லை. நானும்தான்.

கழியின் வாயை இரண்டு பேர் திறந்து வைக்க வேண்டும். உள்ளிருந்து ஆறு தள்ள வேண்டும், வெளியிலிருந்து அலை இழுக்க வேண்டும். ஆறு பூண்டியிலேயே நின்றுவிட்டதால் தள்ளுகிற கை இல்லை. இழுக்கிற கைக்கும் பலம் குறைந்துவிட்டது: உள்ளே இடுப்பளவுக்குத் தூர்ந்த கழியில் ஏற்றத்தின்போது ஏறும் நீர் குறைவு, வற்றத்தின்போது வேகமாக வெளியேறி மணலை அரித்துக்கொண்டு போக அது போதாது. ஆகவே வாய் அடைகிறது. அவ்வப்போது இயந்திரம் வைத்துத் தோண்டுகிறார்கள். மழைக்காலத்தில் வெள்ளம் வந்தால் தானே உடைத்துக்கொண்டு போகும். அப்போது ஊருக்குள்ளும் வந்துவிட்டுப் போகும்.

பத்து மணிவாக்கில் திரும்பும்போது படகு மணல் திட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டது. இருவரும் இறங்கித் தள்ளினோம். நகரவில்லை. தண்ணீர் கணுக்காலுக்குத்தான் இருந்தது. அண்ணன் அவசரப்படவில்லை. கழியைப் படகுக்கு அருகில் மணலில் செங்குத்தாக நட்டார். மடியிலிருந்து ஒரு துண்டு நைலான் நூலை எடுத்து, முழங்காலுக்குக் கீழே நான்கு விரல் இறக்கி, கழியில் ஒரு முடிச்சுப் போட்டார். "இங்கே வந்தால் போதும்" என்றார்.

அவர் கொண்டுவந்திருந்த பழைய சோற்றை இரண்டாகப் பிரித்தார். தொட்டுக்கொள்ள வறுத்த கிழங்கான் மீன். சாப்பிட்டோம். ஒரு நீர்க்காகம் மூழ்கி மூழ்கி எழுந்தது. ரயில் பாலத்தின் பக்கமிருந்து மெல்லிய தடதடப்பு. நான் வழக்கமாகப் போகும் வண்டியாகத்தான் இருக்க வேண்டும். நீர் கழியைச் சுற்றி முதலில் ஒரு சின்ன வளையம் போட்டது, பிறகு மணலில் இருந்த எங்கள் காலடிகளை நிரப்பியது. பதினொன்றரைக்கு முடிச்சு நனைந்தது. படகின் அடி ஒருமுறை உரசி, மெல்ல ஆடியது. அண்ணன் கழியைப் பிடுங்கினார்.